கம்பிப் பாலத்தில் இரண்டு பெட்டிகள்

எங்கள் ஊருக்குள் வரும் எல்லாச் சுமைக்கும் அகலத்தை முடிவு செய்வது ஒரு கோல்தான். பார்தாங் ஆற்றின் மேல் உள்ள கம்பிப் பாலத்தின் தலைமாட்டில், வடம் கட்டிய கல்தூணில், ஒரு தோல்வாரில் அது தொங்கும். முசுக்கட்டைக் கிளையில் செதுக்கியது. ஜீப் ஓடும் சாலை அக்கரையில். எங்கள் வீடுகளும் வயல்களும் இக்கரையில். கழுதை மேல் மாவு மூட்டை வந்தாலும், கல்யாணப் பெண்ணின் பெட்டி வந்தாலும், முதலில் கோலைக் குறுக்கே வைத்துப் பார்ப்போம். கோலுக்குள் அடங்கினால் போகலாம். அடங்காவிட்டால் அங்கேயே பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். இதுவரை அந்தக் கோல் யாரையும் ஏமாற்றியதில்லை.

என் கணவன் இமோம்யோர், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப் பெட்டிகள் செய்யத் தொடங்கியபோது முதலில் செய்த வேலை, அந்தக் கோலின் நீளத்தை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான்.

பெட்டி தேவைப்பட்டது என் வேலையால். ஊரின் மின்நிலையத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மலையோடை நீர் குழாயில் இறங்கி ஒரு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் ஜெனரேட்டரைச் சுழற்றும். வீட்டுக்கு இரண்டு விளக்கு எரியும். அந்தச் சக்கரத்தின் அச்சைத் தாங்கும் பேரிங் வசந்தத்திலிருந்தே முனகிக்கொண்டிருந்தது. இரும்புக் கூடோடு சேர்த்து மாற்ற வேண்டும். ஆற்றோரமாகக் கீழே உள்ள ருஷான் ஊரில் கிடைக்கும். ஜீப் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் சைக்கிள் இருந்தது. சுமையை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. துணிப்பை கட்டினால் சாலையின் கற்குலுக்கலில் கிழிந்துவிடும். ஓடைகளைக் கடக்கும்போது மாவு நனைந்துவிடும்.

ஆற்றுக்கு மேலே, எப்போதோ வந்துபோன நிலவியல்காரர்கள் விட்டுச்சென்ற, சக்கரங்கள் மேல் கட்டிய ஒரு வண்டி வீடு கிடந்தது. அதன் அலுமினியத் தோலை இமோம்யோர் உரித்துக்கொண்டு வந்தான். அலுமினியத் தகட்டை அப்படியே மடக்கினால் மடிப்பில் விரிசல் விடும். அதற்கு முன் அதைச் சூடேற்றி இளக்க வேண்டும். ஆனால் இரும்பைப் போல அது சிவந்து எச்சரிக்காது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று உருகி ஒழுகிவிடும். அதனால் மடிக்கும் கோட்டில் துணி சோப்பைத் தேய்ப்பார்கள். சோப்பு தேன் நிறமாகி, பிறகு கறுத்ததும் தீயை விலக்க வேண்டும். அந்த நிறத்தைப் பார்ப்பது என் வேலை. "இப்போ" என்பேன். அவன் தீ பீய்ச்சும் ஊதுவிளக்கை விலக்குவான். ஆறியதும் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் இறுக்கி, மரச்சுத்தியலால் தட்டினால் தகடு ரொட்டி மாவு போல மடியும். அந்த மடிப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மூலைகளுக்கு ரிவெட். மூடியின் விளிம்புக்கு டியூப் ரப்பர். கீலுக்கு ஒரு நீளக் கம்பி: பெட்டியிலும் மூடியிலும் மாற்றி மாற்றிச் சுருட்டிய தகட்டு வளையங்களுக்குள் கம்பியைப் பின்பக்கமிருந்து செருகி, வெளியே நிற்கும் நுனியைக் கொக்கியாக வளைத்துவிட்டான். கீலை வெளிப்பக்கம் வைத்தான். ஏனென்றால் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், இருக்கையின் மேல், படுக்கைச் சுருட்டு கட்டுவோம். மூடி உள்பக்கமாகத் திறந்தால் சுருட்டில் முட்டும். வெளிப்பக்கமாகத் திறந்தால் முட்டாது.

பக்கத்து வீட்டு ஓதினா அண்ணன் தினமும் வந்து வேலியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பார். மூன்று கழுதைகளுக்குச் சொந்தக்காரர்.

"என்னடா இது, ரெட்டைப் பிள்ளைக்குத் தொட்டிலா?"

"உங்க கழுதைக்கு ஓய்வு குடுக்கப் போறோம் அண்ணே."

"என் கழுதை புல்லு தின்னும். உன் கழுதை பெட்ரோல் குடிக்கும். எது வழியில கெடைக்கும், சொல்லு."

பெட்டியைப் பொருத்தும்போதுதான் அந்தத் தவறு நடந்தது. வலப்பக்கம் சைலன்சர் இருக்கிறது. அதனால் வலப்பெட்டி நான்கு விரல் வெளியே தள்ளி நிற்க வேண்டும். இடப்பக்கம் ஒன்றும் இல்லை. பெட்டியைச் சக்கரத்தோடு ஒட்டியே வைத்திருக்கலாம். ஆனால் இமோம்யோர் இடப்பெட்டியையும் அதே நான்கு விரல் தள்ளியே வைத்தான். சுமை இரண்டு பக்கமும் சம தூரத்தில் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் கழுதையின் முதுகு ஒரு பக்கம் புண்ணாகும் என்று நடக்கத் தொடங்கிய வயதிலேயே எங்கள் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளுக்கு முதுகு புண்ணாகாது என்பது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் முடிச்சுப் போட்ட கயிற்றை வைத்துப் பார்த்தான். பெட்டிகளின் அகலம் கயிற்றோடு சரியாக நின்றது. சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தான்.

போகும்போது காலிப் பெட்டிகளோடு பாலத்தைக் கடந்தோம். அவன் வண்டியில் உட்கார்ந்து, இரண்டு கால்களாலும் பலகையைத் தள்ளித் தள்ளிப் போனான். அவன் அக்கரை சேர்ந்த பிறகு நான் போனேன். பெட்டிகள் கம்பிகளை லேசாக உரசிய சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது இடப்பெட்டியில் பேரிங், அதன் வார்ப்பிரும்புக் கூட்டோடு. அதன் மேல் உப்பு மூட்டை, அதன் மேல் மாவு. வலப்பெட்டியில் அதே எடைக்குச் சிமெண்டும் சர்க்கரையும். எடையைச் சமமாக்க மூட்டைகளை மாறி மாறிக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தான். வழியில் டயர் பஞ்சரானது. அதனால் பாலத்துக்கு வந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது.

நண்பகலுக்குப் பிறகு எங்கள் பள்ளத்தாக்கில் காற்று வரும். கோடையில் ஒருநாளும் தவறாது. கீழே வெயிலில் சூடான காற்று மேலே ஏறும், ஆறு வெட்டிய இடுக்கு வழியாக, ஒரே திசையில். அது வருவதற்கு முன் கடந்துவிட வேண்டும்.

"காற்று இன்னும் வரல. வா, போயிடலாம்" என்றான்.

எனக்குப் பாலம் என்றாலே பயம். அப்படி எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே பழுப்பு நிற நீர், உருகிய பனியோடு, கற்களைப் புரட்டிக்கொண்டு ஓடும். பலகைகளுக்கு நடுவே பார்த்தால் பாலம்தான் ஓடுவதுபோல இருக்கும். அதனால் பார்க்காமல் நடப்பேன்.

சுமையோடு போகிற கழுதைக்குப் பின்னால் ஒருவர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். சுமை சாய்ந்தால் தெரியும், கழுதையும் அவசரப்படாது. கேட்காமலேயே நான் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிட்டேன். மெதுவாப் போ."

"இதுக்கு மேல மெதுவான்னா வண்டியை நான் முதுகுல தூக்கணும்."

பாலம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கீழே இரண்டு வடங்கள். அவற்றின் மேல் குறுக்கே பலகைகள். மேலே, இடுப்புக்கும் கொஞ்சம் உயரத்தில், கைப்பிடிக்கு இரண்டு வடங்கள். மேல்வடங்களையும் கீழ்வடங்களையும் அடிக்கொரு கம்பி இணைக்கும். மேலே அகலம், கீழே குறுகல். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மாட்டுத் தொட்டி மாதிரி இருக்கும். கழுதையின் சுமை முதுகின் மேல், அகலமான இடத்தில் இருக்கிறது. எங்கள் பெட்டிகளோ முழங்கால் உயரத்தில், குறுகலான இடத்தில் தொங்கின.

நடுப்பாலத்தில் வண்டி நின்றது.

"என்னமோ பிடிக்குது."

"கம்பி. ரெண்டு பக்கமும்."

"கொஞ்சம் வேகம் குடுக்கறேன்."

"வேண்டாம், இரு" என்றேன். அதற்குள் கொடுத்துவிட்டான்.

பெட்டிகளின் முன்மூலைகள் ஒரு ஜோடிக் கம்பியைத் தேய்த்துத் தாண்டி, அடுத்த ஜோடியில் போய் ஆப்பு போல இறுகின. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. ஒரு பலகை கட்டறுந்து குட்டிக்கரணம் அடித்து, நான் பார்க்கும்போதே சின்னதாகிக்கொண்டே போய் நீரில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. தடுமாறிய இமோம்யோர் இடக்காலை ஊன்றினான். ஊன்றிய இடத்தில் பலகை இல்லை. கால் முழங்கால் வரை இறங்கியது. வண்டி இடப்பக்கம் சாய, இடப்பெட்டியின் அடிவிளிம்பு அவன் கெண்டைக்காலை அடுத்த பலகையின் ஓரத்தோடு வைத்து அழுத்தியது.

அவன் கத்தவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். அதன் பிறகு ஆற்றின் சத்தம் மட்டும் இருந்தது.

"சவ்சன்" என்று என்னைக் கூப்பிட்டான்.

"என்ன?"

"கால் மாட்டிக்கிச்சு."

"எடுக்க முடியுதா?"

"விரல் அசையுது. கால் வரல. பின்னாடி இழு."

இழுத்தேன். என் முழு எடையையும் பின்னால் போட்டு இழுத்தேன். வண்டி அசையவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு "விடு, விடு" என்றான். விட்டேன்.

ஊர்க்கரையில் ஓதினா அண்ணன் வந்து நின்றார்.

"ஏ கரண்டுக்காரி, நடுப்பாலத்துல டீ போடறீங்களா?"

"அண்ணே, கால் மாட்டிக்கிச்சு" என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் சிரிப்பு நின்றது. உடனே பாலத்தில் ஏறினார். பெரிய உடம்பு. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தூணருகே வந்து நின்றார்கள். அவர் வருவதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. இனி ஒன்றும் ஆகாது, அவர் வண்டியை அலாக்காகத் தூக்கிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் பத்தடி வந்திருப்பார். கம்பிகள் கிறீச்சென்றன. என் கண்ணெதிரே இடப்பெட்டியின் பக்கவாட்டுத் தகடு 'டொக்' என்று உள்ளே குழிந்தது. அப்போதுதான் இமோம்யோர் அலறினான்.

அந்த அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் மேல்வடத்தைப் பார்த்தேன். ஓதினா அண்ணன் ஒரு அடி வைத்தார். வடம் கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் எங்கள் பக்கம் நெருங்கியது. எதிர்ப்பக்க வடமும் அப்படியே நெருங்கியது. சுருக்குப்பையின் வாயை யாரோ மெல்ல இழுப்பதுபோல.

அப்போது புரிந்தது. பலகையின் மேல் எடை ஏறினால் கீழ்வடம் தாழும். கீழ்வடம் தாழ்ந்தால் தொங்கு கம்பிகள் மேல்வடங்களைக் கீழே இழுக்கும். நேராகக் கீழே வர முடியாது, உள்பக்கமாகத்தான் வரும். அதாவது எடை ஏற ஏறப் பாலம் குறுகும். நடுவில்தான் அதிகம் தாழும், அதனால் நடுவில்தான் அதிகம் குறுகும். கோல் அளந்தது காலிப் பாலத்தை. கழுதை ஒன்றின் எடைக்கு அது சரியாகவே இருந்தது. மோட்டார் சைக்கிள், பேரிங், சிமெண்டு, அவன், பின்னால் பிடித்துக்கொண்டு நான். இப்போது உதவிக்கு ஓதினா அண்ணனும்.

"நில்லுங்க அண்ணே. வராதீங்க."

"என்னது?"

"திரும்பிப் போங்க. பாலத்தை விட்டு இறங்குங்க."

"பைத்தியமா உனக்கு? ஆள் மாட்டிக்கிட்டுக் கெடக்கான், போங்கறியே."

"நீங்க வர வர அவன் காலு நசுங்குது. உங்க எடைதான் நசுக்குது. கால்ல விழறேன், போங்க."

அவர் அசையாமல் நின்றார். ஒரு மனிதன் மாட்டிக்கொண்டிருக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு போவது எங்கள் ஊரில் யாருக்கும் வராத வேலை. பிறகு, எங்களைப் பார்த்தபடியே, பின்புறமாக அடி வைத்துப் போனார். அவர் கரையில் கால் வைத்த கணம் வடம் மெல்ல எழும்பியது.

"விடுது" என்றான் இமோம்யோர். "கொஞ்சம் விடுது, சவ்சன்."

"கால் வருதா?"

"இல்ல. ஆனா மூச்சு விட முடியுது."

அடுத்துச் செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வாயால் சொல்லத்தான் முடியவில்லை. வண்டிக்கு மிக அருகில், மிக மோசமான இடத்தில் நின்றுகொண்டிருந்த எடை நான்தான்.

"நானும் போகணும்."

"எங்க?"

"சாலைக்கரைக்கு."

"என்னை விட்டுட்டா?"

அவன் தலையைத் திருப்ப முயன்றான். முகத்தின் ஒரு பாதிதான் தெரிந்தது. சாம்பல் பூசியது போல இருந்தது. அவனுக்கும் பாலத்தைக் கண்டால் பயம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாளாக இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கீழே பார்க்காமல் நடந்திருக்கிறோம்.

"போகாத. பேசிக்கிட்டாவது இரு."

"பேசிக்கிட்டே போறேன்."

ஆனால் வெறுமனே போனால் போதாது. பெட்டியின் எடை குறைய வேண்டும். இடப்பெட்டி காலியானால் வண்டி வலப்பக்கம் சாயும். கால் மேலிருந்து விளிம்பு எழும்பும். மூடியைத் திறக்கப் பார்த்தேன். உள்பக்கத் தாழ்கள் கழன்றன, மூடி எழவில்லை. வெளிப்பக்கமாகத் திறக்கும் மூடிக்குக் குறுக்கே தொங்கு கம்பி படுத்திருந்தது. கீல்கம்பியை உருவிவிட்டால் மூடியைச் சாய்க்க வேண்டியதே இல்லை. உள்பக்கமாகத் தூக்கி எடுத்துவிடலாம். அதன் கொக்கி நுனி என் பக்கம்தான் இருந்தது. பிடித்து இழுத்தேன். அசையவில்லை. பெட்டி நசுங்கியதில் வளையங்கள் கோணலாகிக் கம்பியைக் கவ்வியிருந்தன. நான் இங்கே நிற்கும்வரை கவ்விக்கொண்டேதான் இருக்கும். நான் போனால் விடும். ஆனால் போய்விட்டால் இழுப்பது யார்?

படுக்கைச் சுருட்டின் கயிறு நீளமானது. அவிழ்த்தேன். விரல்கள் மரத்திருந்தன, முடிச்சைப் பல்லால் இழுத்தேன். கீல்கம்பியின் கொக்கியில் கயிற்றைக் கட்டினேன். பின்னால் நடக்கத் தொடங்கினேன்.

அப்போது காற்று வந்தது.

முதலில் கீழே, தொலைவில், பாப்ளர் மரங்களின் இலைகள் வெள்ளை அடிப்பக்கம் தெரியத் திரும்பின. பிறகு ஆற்றின் மேல் தூசி. பிறகு பாலம் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து திரும்பியது. என் கால்கள் நின்றுவிட்டன.

"சவ்சன், பேசறேன்னியே."

"பேசறேன்."

"என்ன பேசற?"

"பின்னாடி நடக்கறேன். பலகையை எண்ணிக்கிட்டிருக்கேன்."

"பொய் சொல்ற. கண்ணை மூடிக்கிட்டிருப்ப."

மூடிக்கொண்டுதான் இருந்தேன். திறந்தேன். கயிறு முழுவதும் விரிந்தபோது கரைக்குச் சற்று முன்னால் இருந்தேன். கரையோரத்தில் நிற்கிறவரின் எடையை வடம் கிட்டத்தட்ட முழுவதும் தூணுக்கே கொடுத்துவிடும். நடுவுக்கு அதிகம் போகாது. உட்கார்ந்தேன். இரண்டு கால்களையும் ஒரு பலகையில் முட்டுக்கொடுத்து, கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, இழுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. காற்று கயிற்றை வளைத்தது. பாலம் ஒரு பக்கம் போய்த் திரும்பும்போது மீண்டும் இழுத்தேன். ஏதோ நறநறவென்றது. கயிறு தளர்ந்தது. அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன், பார்க்கத் தைரியம் இல்லாமல்.

"வந்திடுச்சு" என்று அவன் குரல் வந்தது. "கம்பி ஆடுது, பாதி வெளிய வந்திடுச்சு."

மூன்றாவது இழுப்பில் முழுவதும் வந்தது. பலகைகளின் மேல் கணகணவென்று குதித்து என்னை நோக்கி ஓடிவந்தது.

இப்போது திரும்பிப் போக வேண்டும். அதுதான் மிகக் கடினமாக இருந்தது. நான் வைக்கும் ஒவ்வொரு அடியும் அவன் காலை நசுக்குகிறது என்று தெரிந்தே வைக்க வேண்டும். தவழ்ந்து போனேன். காற்றில் நிற்க முடியவில்லை. அவன் மூச்சு மாறுவது எனக்குக் கேட்டது. கத்தாமலிருக்க சட்டைக் கையை வாயில் வைத்துக் கடித்திருந்தான்.

மூடியைத் தூக்கினேன், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. மாவு மூட்டையை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே தள்ளினேன். அது நடுவானில் வெடித்து, வெள்ளைப் புகையாகி, ஆறு வரும் திசையில் பறந்தது. உப்பு. அது கல்லைப் போல நேராக விழுந்தது. வண்டி இன்னும் அசையவில்லை.

அடியில் எண்ணெய்க் காகிதம் சுற்றிய பேரிங் கூடு. இரண்டு கைகளாலும் தூக்கினேன்.

"அது வேண்டாம்" என்று ஓதினா அண்ணன் கரையிலிருந்து கத்தினார். "ஏ கரண்டுக்காரி, அதைக் கையில வெச்சிக்கோ, அது ஊரோட வெளிச்சம்."

கையில் வைத்துக்கொண்டால் அது இன்னும் பாலத்தின் மேல்தான் இருக்கிறது. தள்ளிவிட்டேன்.

விழுவதை நான் பார்க்கவில்லை. பாலம் நெஞ்சு நிறைய மூச்சு இழுப்பதுபோல எழும்பியது. வண்டி முனகிக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது. மேல்வடத்தைத் தாண்டிப் போய்விடும், அவனையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். ஹேண்டில்பாரின் நுனி வடத்தில் கொக்கி போல மாட்டி நின்றது.

"எடு" என்றேன். "இப்போ எடு."

அவன் இரண்டு கைகளாலும் தன் தொடையைப் பிடித்து, அது யாருடைய காலோ என்பதுபோல, ஓட்டையிலிருந்து மேலே இழுத்தான். பூட்ஸ் கீழேயே போய்விட்டது. இருக்கையின் மேல் குப்புற விழுந்து கிடந்தான். முதுகு ஏறி இறங்கியது.

அவனுக்கு முன்னால் ஊர்க்கரை. எங்கள் நடுவில் வண்டி. நான் அதன் மேல் ஏறி அவனைத் தொட நினைத்தேன். கையை நீட்டியும்விட்டேன். அவன் தலையைத் தூக்காமலே, "சவ்சன், பாலம் இறுகுது" என்றான்.

கையை எடுத்துக்கொண்டேன்.

"நீ முன்னாடி போ. தவழ்ந்து போ. வடத்தை விடாத."

"நீ?"

"நான் பின்னாடி போறேன்."

"அது நம்ம கரை இல்லையே."

"தெரியும். போ."

நான் சாலைக்கரைக்குப் போனேன். பாதி நடந்து, பாதி தவழ்ந்து. கல்தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவன் பாலத்தில் ஒரு கம்பளிப்பூச்சி போல ஊர்ந்துகொண்டிருந்தான். காற்று பாலத்தை ஒரு பக்கம் கொண்டுபோகும்போது படுத்துவிடுவான், திரும்பும்போது நகர்வான். ஊர்க்கரையில் இப்போது நிறையப் பேர். எல்லோருடைய கைகளும் அவனை நோக்கி நீண்டிருந்தன. ஒருவரும் பாலத்தில் கால் வைக்கவில்லை. ஓதினா அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு எல்லோரையும் முதுகால் தடுத்து நின்றார்.

அவன் கரை சேர்ந்தபோது அவர்தான் முதலில் பிடித்தார். காலை யாரோ துணியால் சுற்றினார்கள். அவன் நிற்க முயன்று உட்கார்ந்துவிட்டான்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வா" என்றார் ஓதினா அண்ணன். "காற்று அடங்கினதும் வா."

பொழுது சாயும்போது காற்று அடங்கியது. வண்டி நடுவில், ஒரு பெட்டி மூடியில்லாமல் திறந்து, சாய்ந்து கிடந்தது. அதன் மேல் ஏறித்தான் போக வேண்டும். கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரியும். என் ஒருத்தியின் எடை ஒரு கழுதையின் எடையில் பாதிகூட இல்லை. இந்தப் பாலம் என்னைத் தாங்கும். அதை நான் யாருக்கு வேண்டுமானாலும் படம் போட்டு விளக்குவேன். ஆனால் கால் தூணை விட்டு வரவில்லை. பலகை விழுந்த இடைவெளி இங்கிருந்தே தெரிந்தது.

"சவ்சன்" என்று இமோம்யோர் அழைத்தான். அவன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. தூணருகே சுருட்டிய கம்பளத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் எப்பவும் இருக்கும். சொன்னதில்ல."

"எனக்கும்."

அவன் பக்கத்தில் நின்றவர்களிடம் ஏதோ சொன்னான். முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பாலத்தின் வாயை விட்டு விலகினார்கள். ஓதினா அண்ணனும் விலகினார். வழி நேராகத் தெரிந்தது.

"பாலத்துல யாரும் இல்ல" என்றான். "உனக்குப் பின்னாடியும் யாரும் இல்ல. நீ மட்டும்தான்."

ஒரு காலை எடுத்து முதல் பலகையில் வைத்தேன். அது கொஞ்சம் தாழ்ந்தது. அதற்கு மேல் தாழாமல் நின்றது. அடுத்த காலை எடுத்தேன்.